நிலாவில் ஆளே இல்லாதப்போ கேமராவைத் திருப்பியது யார்?

வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் சுத்துற ஒரு கேள்வி: "கடைசி மனுஷங்க நிலாவை விட்டுக் கிளம்புறப்போ, கேமரா அவங்க கூடவே மேல திரும்புதே? அங்க யாரு நின்னு பிடிச்சா?" நியாயமான கேள்விதான். பதில் சொல்லிடலாம்.

1971-ல் அப்பல்லோ 15 பயணத்தில்தான் முதல்முறையாக நிலாவில் ஓட்ட ஒரு கார், அதாவது ரோவர், போனது. அதில் ஒரு கலர் டிவி கேமரா, குடை மாதிரி ஒரு ஆன்டெனா. ஹூஸ்டனில் உட்கார்ந்தபடியே அந்தக் கேமராவைத் திருப்பலாம், ஜூம் பண்ணலாம். அந்த வேலையைப் பார்த்தவர் எட் ஃபெண்டெல்.

சிக்கல் என்னன்னா, தூரம். பூமியிலிருந்து சிக்னல் போய்ச் சேர 1.3 நொடி. படம் திரும்பி வர இன்னொரு 1.3 நொடி. விண்கலம் எழும்புறதை டிவியில் பார்த்துட்டு பட்டனைத் தட்டினா, கட்டளை போய்ச் சேர்றதுக்குள்ள அது ஃப்ரேமை விட்டே போயிருக்கும்.

அப்பல்லோ 15-ல் கேமராவை மேலே தூக்கும் பாகம் பழுதானது. அதனால் கலம் மேலே போக, கேமரா அப்படியே நின்றது. அப்பல்லோ 16-ல் ரோவரை நிறுத்திய இடம் போட்டு வைத்த கணக்கோடு ஒத்துவரவில்லை. அதுவும் கைநழுவியது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சான்ஸ். அடுத்த பயணங்களை நாசா ஏற்கெனவே ரத்து செய்திருந்தது.

1972 டிசம்பர் 14. செர்னானும் ஷ்மிட்டும் அப்பல்லோ 17-ல் கிளம்புகிறார்கள். இந்த முறை ஃபெண்டெல் படத்தை நம்பவில்லை, கடிகாரத்தை நம்பினார். கவுன்ட்டவுனை வைத்து, கலம் எழும்பும் முன்பே கட்டளையை அனுப்பினார். கட்டளை நிலாவைத் தொட்டது, என்ஜின் எரிந்தது. தங்க நிறத் தகடுத் துண்டுகள் சிதற, கலம் மேலே போனது. கேமராவும் கூடவே நிமிர்ந்தது.

ஆக, "யாரு பிடிச்சா?"ன்னு கேட்டா, நாலு லட்சம் கிலோமீட்டர் கிட்ட தள்ளி உட்கார்ந்திருந்த ஒருத்தர். அதுவும் கண்ணால பார்க்காம, கணக்குப் போட்டு. வதந்தி கிளப்புறவங்க "ஏமாத்து வேலை"ன்னு காட்டுற அதே காட்சிதான், இத்தனை துல்லியமா நடந்த வேலைக்குச் சாட்சி.

அதுக்கப்புறம் அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே யாரும் இறங்கவில்லை. ரோவரும் கேமராவும் இன்னும் அங்கேதான் நிற்கின்றன.