குத்துச்சண்டை வீராங்கனைகளின் சம்பளக் கதை



பெண்கள் குத்துச்சண்டையில் இன்று கோடிகள் புரள்கின்றன என்று செய்திகள் வருகின்றன. உண்மைதான். ஆனால் அந்தப் பணம் வந்த வழி நீளமானது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. 1996 மார்ச் 16, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரம். அன்றைய முக்கியப் போட்டி மைக் டைசனுக்கும் பிராங்க் புரூனோவுக்கும். அதற்கு முன்னால் கிறிஸ்டி மார்ட்டினும் அயர்லாந்தின் டீர்ட்ரே கோகார்ட்டியும் மோதினார்கள். கிறிஸ்டி ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். மூக்கிலிருந்து ரத்தம் வழிய வழிய ஆறு சுற்றும் நின்று வென்றார். டைசனின் சண்டை மூன்றாவது சுற்றிலேயே முடிந்துவிட்டது. மறுநாள் பலரும் பேசியது பெண்களின் சண்டையைத்தான். அடுத்த மாதம் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழின் அட்டையிலேயே கிறிஸ்டியின் படம் வந்தது.

சம்பளம்? டைசனுக்கு 3 கோடி டாலர். கிறிஸ்டிக்கு 15,000. கோகார்ட்டிக்கு 3,000. வகுத்துப் பாருங்கள். டைசன் வாங்கியதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் கிறிஸ்டிக்கு!

அந்தப் பதினைந்தாயிரமும் சும்மா வந்ததல்ல. நியூயார்க் மாநிலத்தில் 1978 வரை பெண்களுக்குக் குத்துச்சண்டை உரிமமே கிடையாது. நீதிமன்றம் போய்த்தான் வாங்கினார்கள். அப்போது உரிமம் பெற்ற மூவரில் ஒருவர் மேரியன் டிரிமியர். 'லேடி டைகர்' என்று அழைக்கப்பட்டவர். உரிமம் வந்தது, நியாயமான கூலி வரவில்லை. 1987-ல் பெண்களுக்கு உரிய சம்பளமும் மரியாதையும் கேட்டு ஒரு மாதம் உண்ணாவிரதம் இருந்தார். உடம்பையே மூலதனமாகக் கொண்ட ஒருவர் அந்த உடம்பையே பட்டினி போட்டார் என்றால் எவ்வளவு மனம் நொந்திருக்க வேண்டும்! அதற்கும் ஒன்பது ஆண்டு கழித்துத்தான் மேலே சொன்ன 15,000.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. நம் மேரி கோம் வெண்கலம் வென்றது நினைவிருக்கும். அதே போட்டியில் வேறொரு எடைப் பிரிவில் தங்கம் வென்றவர் அயர்லாந்தின் கேட்டி டெய்லர். அவரும் அமண்டா செரானோவும் 2022 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மோதினார்கள். அந்த அரங்கில் பெண்களின் சண்டையே முக்கியப் போட்டியாக நடந்தது அதுதான் முதல் முறை. அரங்கம் நிறைந்தது. இருவருக்கும் ஏழு இலக்கச் சம்பளம்.

2024 நவம்பரில் டெக்சாஸில் இருவரும் மீண்டும் மோதினார்கள். அன்றைய முக்கியப் போட்டியிலும் அதே டைசன், 58 வயதில்! அவருக்கு 2 கோடி டாலர் என்றும், கேட்டிக்கு ஏறக்குறைய 60 லட்சம் என்றும் பத்திரிகைகள் எழுதின. இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, 28 ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகியிருக்கிறது.

ஆனால் இது உச்சியில் நிற்கும் ஓரிருவரின் கதை. பெண்களுக்கு இன்னும் பெரும்பாலும் 2 நிமிடச் சுற்றுதான், ஆண்களுக்கு 3 நிமிடம். "நேரம் குறைவு, அதனால் பணமும் குறைவு" என்று சொல்ல அது வசதியாக இருக்கிறது. செரானோ 2023-ல் ஆண்களைப் போலவே 3 நிமிடச் சுற்றுகள் பன்னிரண்டு ஆடிக் காட்டினார். அதற்கு இடம் தராத அமைப்பின் பட்டத்தை வேண்டாம் என்று துறந்தார்.

சம்பளம் தானாக உயர்வதில்லை. யாரோ ஒருவர் முதலில் வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் கேட்டவருக்குக் கிடைப்பதில்லை, பின்னால் வருபவருக்குக் கிடைக்கிறது. டிரிமியர் பசித்திருந்தார், கேட்டியும் அமண்டாவும் பெற்றார்கள்.

வேலைக்குப் போகும் என் மாணவிகளே, ஒரே வேலைக்கு உங்களுக்கு மட்டும் குறைத்துக் கொடுத்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் இடத்தில் இருக்கும் என் மாணவர்களே, அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

வாழ்க வளமுடன்.