ஊர்ப் பெயர் கெட்ட கதை

ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில், எங்கோ ஒரு சட்டசபையில் நடந்த ரகளையைப் பற்றிப் போட்டிருந்தார்கள். தலைப்பில் 'டானிபுரூக்' என்று ஒரு சொல். அகராதியைப் புரட்டினேன். கைகலப்பு, அடிதடி, அமளி என்று பொருள் சொல்லியது. அதோடு, அது ஓர் ஊரின் பெயர் என்றும் இருந்தது. ஊர் என்றதும் எனக்கு அகராதியை மூட மனம் வரவில்லை.

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினின் தென்பகுதியில், டாடர் நதிக்கரையில் இருக்கிறது டானிபுரூக். புரோக் என்ற புனிதர் பெயரால் எழுந்த ஆலயம் என்பதே அந்த ஐரிஷ் பெயருக்கு அர்த்தம். கோயிலால் பெயர் பெற்ற ஊர் அடிதடிக்குப் பெயரானது எப்படி?

1204-ஆம் ஆண்டில் ஜான் மன்னன் அங்கே சந்தை கூட்ட டப்ளின் நகரத்தாருக்குப் பட்டயம் கொடுத்தான். ஆகஸ்டு கடைசியில் சந்தை கூடும். குதிரைகளும் மாடுகளும் விலை போகும். காலம் செல்லச் செல்ல வியாபாரம் ஒடுங்கி, வேடிக்கை பெருகிவிட்டது. கூடாரங்களில் விஸ்கி, பிடில், ஆட்டம் பாட்டம். போதை தலைக்கேறினால் கையிலிருக்கும் தடி பேசும். 'ஷில்லேலா' என்று அந்தத் தடிக்கே தனிப் பெயர் உண்டு.

பாதிரிமாரும் நகரத்துப் பெரியவர்களும் சந்தையை நிறுத்தப் பார்த்தார்கள். ஆனால் பட்டயமோ ஒரு குடும்பத்தின் கையில் சொத்தாக இருந்தது. கடைசியில், 1855-இல் ஒரு குழுவினர் 3,000 பவுன் கொடுத்து அதை விலைக்கு வாங்கினார்கள். சந்தையை நடத்துவதற்கல்ல, நிறுத்துவதற்கு! பதினோரு ஆண்டு கழித்து, 1866-இல், அந்த ஊரில் புதிதாக ஒரு மாதா கோவிலும் திறந்தார்கள்.

சண்டை ஓய்ந்தது, சொல் ஓயவில்லை. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று கடல் கடந்து போய்விட்டது. கனடாவில் ஹாக்கி ஆட்டக்காரர்கள் கட்டிப் புரண்டாலும் டானிபுரூக்தான். அந்தச் சந்தைக்கு வந்து, மாட்டை விற்று, பிள்ளைக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு ஒழுங்காக வீடு திரும்பியவர்களும் இருந்திருப்பார்களே! அவர்கள் எந்த அகராதியிலும் ஏறவில்லை.

இதை எழுதும்போது எனக்கு ஒரு தபால் கார்டு நினைவுக்கு வருகிறது. முன்பு ஒரு கதையில், தேர்த் திருவிழாவில் மண்டை உடைவதை வேடிக்கையாக எழுதி, நிஜமான ஒரு கிராமத்தின் பெயரையே வைத்துவிட்டேன். அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் எழுதியிருந்தார்: "பெண் பார்க்க வருகிறவர்கள் உங்கள் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், ஐயா." நானும் அன்று சிரித்தேன். பதில் போடவில்லை.

டானிபுரூக்கின் பட்டயத்தை வாங்க 3,000 பவுன் போதுமானதாயிருந்தது. கெட்டுப்போன பெயரைத் திரும்ப வாங்க எவரிடம் போவது? கதையின் அடுத்த பதிப்பில் அந்த ஊரின் பெயரை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். பெரியவருக்கும் இன்று ஒரு கார்டு எழுதினேன். அவர் இருக்கிறாரோ, இல்லையோ!