கோடுகளுக்குள் வந்த சடுகுடு

காவிரியின் கடைமடையில் உள்ள திருக்கடையூர் வட்டாரத்தில் சம்பா அறுவடை தை, மாசியில் முடிந்துவிட்டாலும், நெல் நிற்கும்போதே ஈரம் பார்த்துத் தெளித்த உளுந்தும் பச்சைப்பயறும் தரிசில் முளைத்து நிற்பதால், வயல்கள் விளையாட்டுக்குக் கிடைப்பதில்லை. எனவே டெல்டாவின் சடுகுடு பெரும்பாலும் களத்துமேடுகளிலும் கோயில் திடல்களிலும் ஆற்றுமணலிலும் வளர்ந்தது. எதிரணியின் எல்லைக்குள் மூச்சுவிடாமல் பாடிக்கொண்டே நுழைந்து, ஒருவரையேனும் தொட்டுவிட்டுப் பிடிபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்புவதே அதன் சாரம். எத்தனை பேர் ஆடுவது, எல்லை எதுவரை என்பவற்றை அந்தந்த ஊரே முடிவு செய்தது. இவ்வாறு ஊருக்கு ஊர் மாறிய ஓர் ஆட்டம் நாட்டின் பெயரால் ஓர் அணியை உலக அரங்குக்கு அனுப்பும் நிலையை எட்டியதற்கு, ஆட்டக்காரர்களின் திறனுக்கு இணையாக, எழுதப்பட்ட விதிகளும் காரணமாயின. இந்தியக் கபடி அணியின் பதக்கப் பட்டியலை மட்டும் படிப்பவர்கள் தவறவிடுவது இந்த உண்மையைத்தான்.

விதிகளைத் தொகுக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்திலும் பரோடாவிலும் நடந்தது. அப்போது மூன்று ஆட்டமுறைகள் வழக்கில் இருந்தன: எதிரணியில் ஒருவர் வெளியேறினால் நம் அணியில் வெளியேறிய ஒருவர் மீண்டும் களமிறங்கும் சஞ்சீவனி, அணி முழுவதும் வெளியேறும்வரை வெளியேறியவர் திரும்ப இயலாத காமினி, தொடப்பட்டவரும் களத்திலேயே நிற்க, புள்ளி மட்டும் எண்ணப்படும் அமர். இவற்றுள் சஞ்சீவனியே இன்றைய கபடிக்கு அடித்தளமானது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலைச் சேர்ந்தவர்கள் இந்த ஆட்டத்தை அங்கே ஆடிக் காட்டினர். 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு உருவானது. அணிக்கு எழுவர், ஆண்களுக்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட களம், இருபது நிமிடங்கள் கொண்ட இரு பாதிகள் என ஆட்டம் அளவுக்கு உட்பட்டது. பின்னாளில், எதிரணியின் எல்லைக்குள் பாடிச் செல்லும் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி என்ற வரம்பும் வந்தபோது, ஆட்டக்காரரின் மூச்சு அளந்த நேரத்தைக் கடிகாரம் அளக்கத் தொடங்கியது. சடுகுடுவில் ஒவ்வோர் ஊரும் தனக்கெனப் பாடிய பாட்டு ‘கபடி, கபடி’ என்ற ஒரே சொல்லாகச் சுருங்கியது. அது ஓர் இழப்பு. ஆனால் அந்தச் சுருக்கம் இல்லாமல் டாக்காவில் ஆடுபவரும் தெஹ்ரானில் ஆடுபவரும் ஒரே களத்தில் நின்றிருக்க முடியாது.

1982 புது தில்லி ஆசிய விளையாட்டில் காட்சி ஆட்டமாக இடம்பெற்ற கபடி, 1990 பெய்ஜிங்கில் பதக்கத்துக்குரிய போட்டியானது. அதில் தொடங்கி 2014 வரை ஏழு முறையும் ஆண்கள் தங்கம் இந்தியாவுக்கே கிடைத்தது; 1994 ஹிரோஷிமா அணியில் தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தி கணேசன் இருந்தார். பெண்கள் பிரிவு 2010இல்தான் சேர்க்கப்பட்டது. இவ்வளவு நீண்ட தனியாட்சிக்கு உலகில் ஒப்புமை தேடினால் கோர்ஃப்பால் நினைவுக்கு வருகிறது. நான்கு ஆண்களும் நான்கு பெண்களும் ஓரணியாக நின்று கம்பத்தின் உச்சியிலுள்ள கூடையில் பந்தை இடும் அந்த ஆட்டம், 1902இல் ஆம்ஸ்டர்டாம் ஆசிரியர் நிக்கோ ப்ரூக்ஹெய்சனால் உருவாக்கப்பட்டது. 1978 முதல் 2023 வரை நடந்த 12 உலகப் போட்டிகளில், 1995இல் புது தில்லியில் நடந்தது உட்பட, பதினொன்றை நெதர்லாந்தே வென்றது. 1991இல் மட்டும் பெல்ஜியம் வென்றது.

கபடியில் அத்தகைய தனியாட்சி நீடிக்கவில்லை. 2016 அகமதாபாத் உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியா 34–32 என இந்தியாவை வென்றது. அந்தப் போட்டியின் இறுதியில் அனூப் குமார் தலைமையிலான இந்தியா ஈரானை 38–29 என வென்றபோது, அணியில் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன், நாற்பது வயதைக் கடந்தவராக, தடுப்பாட்டக்காரராக இடம்பெற்றிருந்தார். பிடிப்பவர்களின் வரிசையில் இரு ஓரங்களிலும் நிற்பவர்களைக் கார்னர் என்பர். உள்ளே வருபவரின் கணுக்காலை அவர் திரும்பும் கணத்தில் பற்றும் அந்த வேலைக்கு, உடல் வேகத்தைக் காட்டிலும் எதிராளியின் கால்போக்கைப் படிக்கும் நிதானம் தேவைப்படுகிறது. சேரலாதன் போன்றவர்கள் அத்தனை ஆண்டுகள் நீடித்ததற்கு இந்த நிதானமே காரணம் எனலாம்.

2014இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் கொரியாவின் ஜாங் குன் லீயும், அடுத்த ஆண்டு ஈரானின் ஃபசல் அத்ராச்சலியும் இந்தியர்களுடன் ஆடி இந்தியர்களின் நுணுக்கங்களைக் கற்றனர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் அரையிறுதியில் ஈரான் 27–18 என வெல்ல, இந்திய ஆண்கள் வெண்கலத்தோடு திரும்பினர். பெண்கள் இறுதியில் இந்தியாவை 27–24 என வீழ்த்திய ஈரான் அணிக்குப் பயிற்சி அளித்தவர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். அன்று நாட்டில் பலர் இதை அவமானமாகக் கருதினர். உண்மையில், தான் பிறந்த மண்ணுக்கு வெளியேயும் தன்னை நேசிப்பவர்களை அந்த ஆட்டம் பெற்றுவிட்டது என்பதற்கு அதைவிட உறுதியான சான்று இல்லை.

2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டின் இறுதியில் இந்தியப் பெண்கள் அணி சீன தைபேயை 26–25 என வென்று, அந்தப் போட்டித் தொடரில் இந்தியாவின் நூறாவது பதக்கத்தைப் பெற்றது. அதே நாள் நடந்த ஆண்கள் இறுதியில் ஆட்டம் 28–28 எனச் சமநிலையில் இருந்தபோது, யாரையும் தொடாமலேயே பவன் செஹ்ராவத் லாபி எனப்படும் ஓரப்பட்டையில் கால்வைத்தார்; ஈரானியத் தடுப்பாட்டக்காரர்களும் அவரைத் தொடர்ந்து அதற்குள் சென்றனர். தொடுதல் நிகழாத நிலையில் லாபிக்குள் சென்ற அனைவரும் வெளியேற வேண்டும் என்பது ஒரு விதி, பாடி வந்தவர் மட்டுமே வெளியேற வேண்டும் என்பது மற்றொன்று. எது பொருந்தும் என்ற வாதத்தில் ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று, பின்னர் 33–29 என இந்தியாவின் வெற்றியாக முடிந்தது.