முதல்வர்கள் தோற்ற தொகுதி

1967இல் ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலமும் 1996இல் பர்கூரில் ஜெயலலிதாவும் முதல்வர்களாக இருந்தபடியே தோற்றனர். இத்தகைய தோல்விகளைத் தமிழ் இதழியல் ‘அலை’ என்ற ஒரே சொல்லால் விளக்கிப் பழகிவிட்டது. அச்சொல் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சோதிக்கத் தலைநகரின் புது தில்லித் தொகுதி நல்ல சான்று.

2008 தேர்தலுக்கு முன் நடந்த மறுவரையறை வரை இது பெரும்பாலும் கோல் மார்க்கெட் தொகுதியாக இருந்தது. பதவியிலிருந்த உறுப்பினர்கள் மூவர் இங்கே வீழ்ந்துள்ளனர். 1998இல் கீர்த்தி ஆசாத்தை ஷீலா தீட்சித் வென்றார். 2013இல் முதல்வர் ஷீலாவை அரவிந்த் கேஜ்ரிவால் வென்றார். 2025இல் முன்னாள் முதல்வராகியிருந்த கேஜ்ரிவாலை பர்வேஷ் வர்மா வென்றார்.

கடைசி இரு தோல்விகளும் ஒரே வகையின அல்ல. 2008இல் 39,778 வாக்குகள் பெற்ற ஷீலா, 2013இல் 18,405 மட்டுமே பெற்றார். பாரதிய ஜனதாவின் வாக்கும் குறைந்தது. புதியவரான கேஜ்ரிவால் 44,269 பெற்றார். இதனை அலை எனலாம்.

2025இல் நிகழ்ந்தது வேறு. கேஜ்ரிவாலின் வாக்கு 2020இல் இருந்த 46,758இலிருந்து 25,999ஆகச் சரிந்தது. ஏறத்தாழ 20,800 வாக்குகள் இழப்பு. ஆனால் பாரதிய ஜனதா 25,061இலிருந்து 30,088ஆகவே உயர்ந்தது. ஆதாயம் சுமார் 5,000. வெற்றி வித்தியாசம் 4,089.

ஷீலாவின் மகன் சந்தீப் தீட்சித் காங்கிரஸ் சார்பில் பெற்ற 4,568 வாக்குகளே தோல்விக்குக் காரணம் என்று பலர் எழுதினர். வித்தியாசத்தைவிட அது பெரிய எண்தான். எனினும் 2020இலேயே காங்கிரஸ் அங்கே சுமார் 3,200 வாக்குகள் பெற்றிருந்தது. புதிதாகச் சேர்ந்தவை சிலவே.

எஞ்சிய இழப்பு எங்கே போயிற்று? வாக்காளர் பட்டியல் அதற்குள் சுருங்கியிருந்தது; பெயர்கள் நீக்கப்படுவதாக ஆம் ஆத்மி தேர்தலுக்கு முன்பே குற்றஞ்சாட்டியது. பட்டியலில் இருந்தும் வாராதவர், கட்சி மாறியவர், ஊரைவிட்டுப் பெயர்ந்தவர் ஆகியோரை இவ்வெண்கள் பிரித்துக் காட்டுவதில்லை. அவை உறுதியாகச் சொல்வது இவ்வளவே: 2013இல் ஷீலாவை வீழ்த்தியது எதிராளியிடம் குவிந்த வாக்கு, 2025இல் கேஜ்ரிவாலை வீழ்த்தியது பெரும்பாலும் அவரிடமிருந்து கரைந்த வாக்கு. இவ்விரண்டையும் ‘அலை’ என்றே எழுதினால், வென்றவர் தமக்குக் கிடைக்காத ஆதரவையும் தமதெனக் கருதுவார். தோற்றவர் தம்மை விட்டு அகன்றவர் யாரெனத் தேடாமலே இருந்துவிடுவார்.