தொம்பைக்குள் ஒரு வரலாறு

வரலாறு என்று சொன்ன அளவில் மன்னரும் போர்களும் கல்வெட்டுகளுமே நம் கண்முன் வந்து நிற்கின்றன. ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த ஒரு பொருளை, முதியவர் ஒருவர் தம் இளமை நாளைப் பற்றிச் சொல்லிச் சென்ற ஒரு செய்தியை, நாம் வரலாறாக எண்ணுவதில்லை. வீட்டுக் கதை என்று தள்ளிவிடுகிறோம். அவ்வாறு தள்ளத்தக்கதுதானா அது என்பதை ஆராய்வதற்குக் கொல்லிமலையை விடத் தக்க இடம் அரிது.

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக நிற்பது கொல்லிமலை. 1997-ஆம் ஆண்டு நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை அது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மலை மீது பல நாடுகள் உள்ளன. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு என வழங்கும் அவற்றுள் ஒன்று வளப்பூர் நாடு. அறப்பளீசுவரர் திருக்கோயில் அங்கேதான் இருக்கிறது. ஐயாறு உயரத்திலிருந்து வீழும் ஆகாய கங்கை அருவியும் அதனை அடுத்தே உள்ளது. அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகத்தால் அவ்வூர்ப் பெயர் தமிழ் கற்றோர் நாவிலெல்லாம் வழங்கிற்று. அதற்கும் நெடுங்காலம் முன்னரே கொல்லிமலை வல்வில் ஓரியின் மலையாகவும், கொல்லிப்பாவையின் இருப்பிடமாகவும் சங்கப் புலவர்களால் போற்றப்பெற்றது.

இவையனைத்தும் வெளியிலிருந்து நோக்குவோர் அறிந்த வரலாறு. அம்மலையின் இல்லங்களில் வாழ்ந்த மக்கள் தம்மைப் பற்றித் தாமே காத்து வைத்துக்கொண்ட வரலாறு யாது? நாம் அறிய விழைவது அதனையே.

அம்மக்கள் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்து மலையாளிகளோடு இவர்களை இணைத்து மயங்கலாகாது. மலையிலே வாழ்வோர் என்ற பொருளிலேயே இப்பெயர் இவர்களுக்கு வழங்குகிறது. இவர்தம் தாய்மொழி தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்தவர் என்றும், உடன்பிறந்தார் மூவர் பிரிந்து சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மலைகளில் குடியேறினர் என்றும் இவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்தனர். இச்செய்தி ஏட்டில் இருந்ததன்று. தந்தை மகனுக்கும் பாட்டி பேரனுக்கும் சொல்லச் சொல்ல நிலைத்தது. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியக் குலங்களையும் பழங்குடிகளையும் பற்றிய தம் ஏழு தொகுதி நூலை வெளியிட்டபோது, மலையாளிகளின் இக்கூற்றும் அதில் இடம்பெற்றது. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆய்வாளர் ஆராயட்டும். எழுத்தின் துணையின்றி ஒரு மக்கட்கூட்டம் தன் பிறப்பிடத்தின் பெயரையும் பயணத்தின் நினைவையும் மறவாது காத்தது என்பதே நாம் ஈண்டுக் கருதத்தக்கது.

அவர்கள் காத்த மற்றொரு செல்வம் விதை. கொல்லிமலைக் குடும்பங்கள் மண்ணாலும் மரத்தாலும் அமைத்த தானியக் குதிருக்குத் தொம்பை என்று பெயர். சாமையும் தினையும் கேழ்வரகும் அதிலே சேமிக்கப்பெற்றன. சாமை என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடுவதை அவர்கள் பெருஞ்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை எனப் பிரித்து அறிந்திருந்தனர். எந்த விதை எந்த மண்ணுக்கு ஏற்றது, எது விரைவில் விளையும், எது மழை பொய்த்த ஆண்டிலும் கைவிடாது என்னும் அறிவு பெரும்பாலும் பெண்களிடமே இருந்தது. நல்ல கதிரைத் தேர்ந்தெடுத்து, உலர்த்தி, மறு விதைப்புக்கென ஒதுக்கியவர்கள் அவர்களே. மாமியாரிடமிருந்து மருமகளுக்குச் சென்ற சீர் அது.

இந்தச் சீருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பொன் நகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் நூறாண்டு கழித்தும் அது பொன்னாகவே இருக்கும். விதையைப் பூட்டி வைத்தால் சில ஆண்டுகளில் முளைக்கும் திறன் குன்றிப்போகும். மீண்டும் மீண்டும் மண்ணில் இட்டு, விளைவித்து, புது விதையாக எடுத்தால்தான் பழைய விதை வாழும். நினைவும் அத்தகையதே என்று நாம் கருதுகிறோம். கேட்டவர் மற்றொருவருக்குச் சொல்லாவிடின் அது கேட்டவரோடு மடிந்துவிடும்.

சொல்லப்பட்டதால் பிழைத்த நினைவுக்கும் அம்மலையிலேயே சான்று உண்டு. வளப்பூர் நாட்டைப் போலவே கொல்லிமலையின் மற்றொரு நாடாகிய வாழவந்தியில், இங்கிலாந்திலிருந்து வந்த ஜெசி பிராண்டும் அவர்தம் மனைவி ஈவ்லினும் 1913 முதல் வாழ்ந்தனர். சமயப் பணியாளர்களாக வந்த அவர்கள் மருத்துவம், பள்ளி, தச்சு, வேளாண்மை எனப் பல துறைகளிலும் மலைமக்களோடு கலந்து உழைத்தனர். அவர்களின் மகன் பால் பிராண்ட் 1914-இல் பிறந்து, தன் முதல் ஒன்பது ஆண்டுகளை அம்மலையிலே கழித்தான். பிற்காலத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றவர் அவரே.

அவர் முதுமையில் எழுதிய நூல்களிலும் கட்டுரைகளிலும் கொல்லிமலை நினைவுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுள் இரண்டை மட்டும் ஈண்டு நோக்குவோம்.

ஒருநாள் தொழுநோயாளர் மூவர் அவர்கள் இல்லம் தேடி வந்தனர். எந்த நோயாளியையும் தயங்காது தொட்டு மருத்துவம் செய்யும் தந்தையார், அன்று மட்டும் கையுறை அணிந்து புண்களுக்குக் கட்டுப்போட்டார். அவர்கள் அமர்ந்திருந்த இடத்தருகே செல்லலாகாது என்று பிள்ளைகளுக்கு ஆணையிட்டார். அந்த அச்சம் சிறுவனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அச்சிறுவனே வளர்ந்து 1946-இல் வேலூருக்கு வந்தபின், யாரும் தீண்ட அஞ்சிய கைகளைத் தம் கைகளில் ஏந்தி ஆராய்ந்தார். விரல்கள் தேய்ந்து மறைவதற்குக் காரணம் நோய் அவற்றைத் தின்பதன்று, வலியுணர்வை இழந்த கை தன்னையறியாமல் காயப்பட்டுக்கொண்டே இருப்பதுதான் என்பதை அவர் நிறுவினார். அஞ்சிய குழந்தைப் பருவ நினைவை மறைக்காமல் அவர் எழுதி வைத்ததால், அச்சத்திலிருந்து அன்புக்குச் சென்ற தூரத்தை நாம் அளந்தறிய முடிகிறது.

மற்றொரு நினைவு வயலைப் பற்றியது. மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த நெல்வயல்களில் சிறுவர் கூட்டம் தவளை பிடித்து விளையாடிக் கொண்டிருந்தது. கலங்கிய நீர் கீழ் வயலை நோக்கி ஓடிற்று. அப்போது ஊர் முதியவர் ஒருவர் கோலூன்றி வந்தார். பிள்ளைகள் தாத்தா என்றழைத்த அவர், வயல்வரப்புகளைக் காக்கும் பொறுப்பு உடையவர். அவர் அடிக்கவில்லை. ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளிக் காட்டி, இது ஆண்டுதோறும் உணவளிக்கும் மண் என்றும், ஓடைவழியே ஆற்றுக்குப் போய்விட்டால் மலைக்குத் திரும்பி ஏறாது என்றும் எடுத்துரைத்தார். பல பத்தாண்டுகளுக்குப் பின் பால் பிராண்ட் அம்மலைக்குச் சென்றபோது, காடு அழிந்து மண் அரித்துச் செல்லப்படுவதைக் கண்டு கலங்கினார். முதியவரின் சொற்களை அவர் 1980-களில் கட்டுரையாக வடித்தார். மண்வளம் பற்றிக் கவலைப்படுவோர் அதனை இன்றும் எடுத்தாளுகின்றனர். அந்தத் தாத்தா எழுதி வைத்தது ஒன்றுமில்லை. ஒரு சிறுவன் மறவாது இருந்தான், முதியவனான பின் எழுதினான். அதுவே போதுமானதாயிற்று.

அக்குடும்பத்தின் மடல்களைப் பற்றியும் கூறவேண்டும். 1923-இல் கல்விக்காகப் பாலையும் அவன் தங்கையையும் இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினர். தந்தையின் மடல்கள் கடல் கடந்து மகனுக்குச் சென்றுகொண்டிருந்தன. 1929 ஜூன் மாதத்தில் மலேரியாவை ஒட்டி வரும் கொடிய காய்ச்சலால் தந்தை மறைந்தார். செய்தி தந்தி வழியே விரைந்து சென்றது. அதற்கு முன் அவர் எழுதி அனுப்பியிருந்த மடல்களோ கப்பலில் மெல்ல வந்தன. இறந்துவிட்டார் என்று அறிந்தபின்னும் வாரக்கணக்கில் தந்தையின் கையெழுத்து வீட்டு வாயிலில் வந்து நின்றது. அம்மடல்கள் பேணப்பட்டதாலேயே, காற்று வீசும் மலையுச்சிகளில் குதிரைமீது சென்ற ஒரு தந்தை தம் மகனுக்கு எழுதிய சொற்கள் பின்னாளில் நூல்களில் இடம்பெற்று நமக்கும் கிடைத்தன.

கப்பல் மடலின் அருமை நம்மவர்க்குப் புதிதன்று. கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்ற சபுராளிகளின் இல்லங்களில், மடல் வரும் நாளே பெருநாளாக இருந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபின், கரையில் காத்திருந்த குடும்பங்களுக்கு மடல்கள் வருவது நின்றுபோயிற்று. அந்நாளைய கடிதக் கட்டுகள் இன்றும் சில வீட்டு அலமாரிகளில் இருத்தல் கூடும். ஆனால் எழுதியவர் யார், அதில் பெயர் சுட்டப்பட்டவர் யார், எந்தத் துயரத்தின்போது எழுதப்பட்டது என்று சொல்லத்தக்க முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். சொல்வார் இல்லாத மடல், முளைப்புத் திறன் இழந்த விதையோடு ஒக்கும்.

கொல்லிமலையில் விதைக்கு நேர்ந்ததும் இதுவே. சேலம், நாமக்கல் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளிக் கிழங்கு மலையேறியது. அதன் கையில் காசு இருந்தது. நியாயவிலைக் கடையில் அரிசி கிடைத்தது. சாமையின் உமியை நீக்க உரலில் நெடுநேரம் குத்தவேண்டிய பாடும் பெண்களை வருத்தியது. யாரையும் நாம் குறை கூறுவதற்கில்லை. உழைப்பவர் இளைப்பாற விரும்புவது இயல்பே. ஆயினும் சாமை வயல்கள் சுருங்கவே தொம்பைகள் வெறுமையாயின. விதையின் பெயர்களும் மறக்கப்படலாயின. 1990-களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மலைமக்களோடு சேர்ந்து ஊர்தோறும் விதை வங்கிகளை அமைக்க முற்பட்டனர். பழைய தொம்பையே அவற்றுக்கு முன்மாதிரியாயிற்று. உமி நீக்கும் பொறிகளும் கொணரப்பட்டன. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது உலகம் பாராட்டிய செல்வத்தை, இம்மலைப் பெண்டிர் பெயரும் புகழும் வேண்டாது பல தலைமுறை காத்திருந்தனர்.

விதை வங்கி அமைத்தோர் செய்த ஒரு செயலை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். அவர்கள் விதையை மட்டும் வாங்கிச் செல்லவில்லை. அதன் பெயரையும் இயல்பையும், அது விளையும் பருவத்தையும் அம்மக்களிடம் கேட்டுக் குறித்தனர். பெயரும் வரலாறும் இன்றி வாங்கப்பட்ட விதை வெறும் தானியமாகவே எஞ்சியிருக்கும்.

குடும்ப நினைவுப் பொருள்களுக்கும் இதே முறை பொருந்தும். பாட்டியாரின் வெற்றிலைப் பெட்டியையும் பாட்டனாரின் மூக்குக் கண்ணாடியையும் பலர் போற்றி வைத்திருக்கின்றனர். அவர்தம் வாழ்வைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்தவர் மிகச் சிலர். இன்று கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் படங்கள் சேர்கின்றன. அவற்றில் இருப்பவர் யார் என்று ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் யார் சொல்வார்? ஒரு படத்தின் பின்புறம் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதும். வீட்டு முதியவரிடம் அமர்ந்து அவர் சிறுவயதில் உண்ட உணவையும், நடந்த வழியையும், அஞ்சிய பொருளையும் கேட்டு எழுதுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். கேட்பவர் சிறுவராக இருந்தால் இன்னும் நன்று. நெடுங்காலம் சுமந்து செல்ல வல்லவர் அவர்களே.

வளப்பூர் நாட்டில் கோயில் கல்லால் ஆனது. காக்கத் துறைகளும் ஆட்களும் உண்டு. அந்நாட்டு இல்லங்களின் நினைவுக்கு அவ்வில்லத்தாரைத் தவிர வேறு காவலர் இல்லை. நம் இல்லங்களின் நிலையும் அதுவே. கேட்க வேண்டியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கும்போதே கேட்டு, எழுதி, நம் பிள்ளைகளின் கையில் ஒப்படைப்பது நம் ஒவ்வொருவரின் கடனாகும்.