டாரட் கார்டு: எகிப்து ரகசியமா, இத்தாலிச் சீட்டாட்டமா?

தினம் ஒரு டாரட் கார்டு காட்டும் ஆப்கள் இப்போ ஏராளம். காலையில் ஒரு கார்டு, கூடவே அன்றைய வேலை, காசு, காதலுக்கு நாலு வரி பலன். பல இடங்களில் "பண்டைய எகிப்தின் ரகசிய ஞானம்" என்று ஒரு அறிமுகமும் இருக்கும். அந்த எகிப்து எங்கிருந்து வந்தது என்று தேடினால், கதை வேறு பக்கம் போகிறது.

1440 வாக்கில் வட இத்தாலியில், வழக்கமான நாலு வகைச் சீட்டோடு படச்சீட்டுகளைச் சேர்த்து ஒரு புது ஆட்டம் ஆடினார்கள். கிண்ணம், நாணயம், வாள், கோல் என்று வகைக்கு 14, ஆக 56. அதோடு 21 துருப்பு, ஒரு கோமாளி. மொத்தம் 78. நம்ம 304 ஆட்டத்துல துருப்பு வெட்டுமே, அதே வேலைதான் இந்தப் படங்களுக்கும். முதல் முன்னூறு வருஷம் டாரட் பிரதானமாக ஒரு சீட்டாட்டம்தான். பிரான்சில் இன்னைக்கும் ஆடுறாங்க.

திருப்பம் 1781-ல். கூர் டி ஜெபலின் என்ற பிரெஞ்சு அறிஞர், இது எகிப்தியப் பூசாரிகள் சீட்டுக்குள் ஒளித்து வைத்த நூல் என்று எழுதினார். ஆதாரம்? ஒண்ணும் இல்லை. எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியதே 1822-ல்தான். ஆனாலும் கதை பிடித்துக்கொண்டது. எத்தெய்யா என்ற பாரிஸ் ஜோசியர் 1785-ல் டாரட்டில் குறி சொல்வது பற்றிப் புத்தகமே போட்டார்.

வேடிக்கை என்னன்னா, எகிப்துத் தொடர்பு நிஜமாகவே ஒன்று உண்டு. கிண்ணம், நாணயம், வாள் என்ற வகைகள் மம்லூக் சுல்தான்கள் ஆண்ட எகிப்துப் பக்கத்திலிருந்து 1370-களில் ஐரோப்பா வந்தவை. அங்கே இருந்த போலோ மட்டைதான் இங்கே கோல் ஆனது. ஆனால் அதுவும் ரகசிய ஞானம் இல்லை, சீட்டாட்டம்!

சரி, இன்றைய பலன்கள்? அதுக்கு 1909 லண்டனுக்குப் போகணும். ஏ. ஈ. வெய்ட் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் 78 சீட்டுகளையும் வரைந்தார். அதற்கு முன் புழங்கிய பிரெஞ்சுக் கட்டுகளில் 'வாள் மூன்று' என்றால் மூணு வாள், அவ்வளவுதான். ஸ்மித் வரைந்ததில் மழை மேகத்தின் கீழ் ஒரு இதயத்தை மூணு வாள்கள் துளைக்கின்றன. பார்த்த உடனே 'மனம் உடைந்தது' என்று யாருக்கும் புரியும். 15-ஆம் நூற்றாண்டின் சோலா புஸ்கா என்ற இத்தாலியக் கட்டில் இதே படம் உண்டு. அதன் புகைப்படங்கள் அப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தன.

குறி சொல்பவர் அர்த்தத்தை மனப்பாடம் செய்த காலம் போய், படமே கதை சொல்ல ஆரம்பித்தது. தினசரி கார்டு சாதாரண மக்களிடம் பரவ இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. குலுக்கி எடுக்கும் கார்டுக்கு நாளை நடப்பது தெரியாது. ஆனால் அந்தப் படம் நம் மனசில் இருப்பதைக் கிளறிவிடும். பொருத்தமாகத் தோன்றுவதற்கு அது போதும்.

பெரிய வேலையை ரொம்பக் கொஞ்சப் பணத்துக்கு முடித்ததாக ஸ்மித்தே ஒரு கடிதத்தில் எழுதினார். 1951-ல் கடனோடு இறந்தார். கட்டின் பெயரிலோ பதிப்பாளர் ரைடரும் வெய்ட்டும்தான் இருந்தார்கள். அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் பின்னால் வந்தது.

அந்தக் கட்டு கைக்குக் கிடைத்தால் படத்தின் ஓரத்தைப் பாருங்க. பாம்பு மாதிரி சுருண்ட எழுத்துகளில் ஒரு சின்ன முத்திரை இருக்கும். எகிப்தியப் பூசாரியுடையது இல்லை, அந்த அம்மாவின் கையெழுத்து.