மிதிக்காமல் முன்சக்கரத்தைத் தூக்கும் ‘மேனுவல்’: தோட்டத்து இளைஞர்கள் பாதுகாப்பாகக் கற்பது எப்படி?

தானா ராத்தா – கேமரன் மலையில் சைக்கிள் ஓட்டுவது என்றாலே ஏற்றமும் இறக்கமும்தான். ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவிலிருந்து 2,031 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலை உச்சி வரை சமதளம் என்று சொல்லும்படியான இடம் குறைவு. 1929-இல் ஜே.ஏ. ரசல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும், 1933-இல் தொடங்கப்பட்ட பாரத் தேயிலைத் தோட்டமும் மலைச் சரிவுகளிலேயே அமைந்தவை.

இத்தகைய மலைத் தோட்டங்களின் மண்சாலைகளில் மழைநீர் அரித்த பள்ளங்களும் லோரிச் சக்கரம் பதித்த குழிகளும் சகஜம். இறக்கத்தில் வேகமாக வரும்போது முன்சக்கரம் இப்படி ஒரு பள்ளத்தில் விழுந்தால், ஓட்டுபவர் கைப்பிடியைத் தாண்டி முன்னால் தூக்கி வீசப்படலாம். முன்சக்கரத்தைப் பள்ளத்தில் இறக்காமல் கடக்க மலை மிதிவண்டி ஓட்டுநர்கள் கற்கும் அடிப்படை உத்திதான் ‘மேனுவல்’.

வீலி வேறு, மேனுவல் வேறு

இரண்டிலும் முன்சக்கரம் மேலே இருக்கும். தூக்கும் முறைதான் வேறு. ‘வீலி’ செய்பவர் இருக்கையில் அமர்ந்து, பெடலை அழுத்தி மிதித்து அந்த விசையால் தூக்குகிறார். ‘மேனுவல்’ செய்பவர் மிதிப்பதே இல்லை. பெடலில் நின்றபடி, உடல் எடையைப் பின்னுக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்தை எழுப்புகிறார்.

சீசா பலகையை நினைத்தால் இது எளிதில் புரியும். பின்சக்கரத்தின் அச்சுதான் பலகையின் நடுத் தாங்கி. இடுப்பு அந்த அச்சுக்குப் பின்னால் போனால் முன்பக்கம் தானாக எழும். இடுப்பு முன்னாலேயே இருந்தால் கையால் எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை.

‘லாஜாக்’ அல்ல

மகன் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்குகிறான் என்றதும் பெற்றோருக்கு ‘பாசிக்கால் லாஜாக்’ நினைவு வருவது இயல்பு. 2017 பிப்ரவரி 18-ஆம் தேதி அதிகாலை ஜொகூர் பாருவில், மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகளில் சாலைக்கு வந்த பதின்ம வயதினர் 8 பேர் கார் மோதி உயிரிழந்ததை நாடு இன்னும் மறக்கவில்லை.

லாஜாக் மிதிவண்டிகள் பலவற்றில் பிரேக்கே இருப்பதில்லை. மேனுவலோ பிரேக் இல்லாமல் கற்கவே கூடாத ஒன்று. அதைப் பொதுச்சாலையில் பழகவும் கூடாது. இந்த இரண்டையும் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தேவையானவை

விலை உயர்ந்த மிதிவண்டி கட்டாயமில்லை. பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாத சாதாரண மலை மிதிவண்டியே போதும். ஆனால் ஓட்டுபவரின் உயரத்துக்குப் பொருந்த வேண்டும். அண்ணனுக்கு வாங்கிய பெரிய சைக்கிளில் தம்பி பழகுவது ஆபத்து.

பின்பிரேக் ஒரே விரலால் அழுத்தினாலும் பிடிக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். இருக்கையை முடிந்தவரை கீழே இறக்க வேண்டும். காலைச் சட்டென எடுக்க வசதியாகத் தட்டையான பெடலும், வழுக்காத காலணியும் வேண்டும். ஜப்பான் சிலிப்பர் வேண்டாம். தலைக்கவசம், கையுறை, முட்டிக் காப்பு ஆகியவை இன்றித் தொடங்கக்கூடாது.

படிப்படியாக

1. முதலில் இறங்கக் கற்க வேண்டும். மெதுவாக ஓட்டி, முன்சக்கரத்தைத் தூக்கி, பின்பக்கமாகக் குதித்துக் காலூன்றி நிற்கப் பழகுங்கள். மல்லாந்து விழும் பயம் இதில்தான் போகும்.

2. பெடல்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க, எழுந்து நின்று, ஓட்ட வேகத்தில் உருள விடுங்கள். ஒரு விரல் எப்போதும் பின்பிரேக்கில் இருக்கட்டும்.

3. முழங்கையையும் முழங்காலையும் மடக்கி உடலைத் தாழ்த்துங்கள்.

4. அங்கிருந்து இடுப்பைப் பின்னால் தள்ளி, அதே நேரத்தில் பாதங்களால் பெடலை முன்னுக்குத் தள்ளுங்கள். கைகள் நேராக நீளட்டும். இடுப்பு முதலில் தாழ்ந்து, பிறகு பின்னால் போகும்.

5. சக்கரம் எழுந்ததும் சமநிலையை முழங்கால்தான் பார்த்துக்கொள்ளும். முன்பக்கம் இறங்கினால் காலை நீட்டி இடுப்பைப் பின்னே விடுங்கள். அதிகமாக எழுந்தால் முழங்காலை மடக்கி உடலை முன்னே கொண்டு வாருங்கள்.

6. மல்லாந்துவிடும்போல் தோன்றினால் பின்பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும். முன்சக்கரம் உடனே கீழே வந்துவிடும்.

பள்ளத்தைக் கடக்கும்போது இன்னொன்றும் உண்டு. முன்சக்கரம் மறுகரையைத் தொட்டதும் எடையை முன்னுக்கு மாற்றிப் பின்சக்கரத்தின் சுமையைக் குறைக்க வேண்டும். இல்லையெனில் பின்சக்கரம் பள்ளத்தில் இடித்து டியூப் கிழியும், ரிம் வளையும்.

வழக்கமான பிழைகள்

கையை மடக்கிக் கைப்பிடியை நெஞ்சுக்கு இழுப்பதுதான் முதல் பிழை. அடுத்தது பயத்தில் இடுப்பைப் பாதி வழியிலேயே நிறுத்திவிடுவது. முன்சக்கரத்தையே குனிந்து பார்ப்பதும் தவறு. கண் சில மீட்டர் முன்னால் இருந்தால்தான் நேராகப் போக முடியும்.

ஒரே நாளில் இது வராது. தினமும் 15 நிமிடம், பல வாரங்கள் என்று பழகுவதே நல்லது. களைத்த பின்பு தொடர்வது காயத்தில் முடியும். சமநிலையில் நீண்ட தூரம் போவது பிறகு வரட்டும். பள்ளத்தைக் கடக்க 2 மீட்டர் தூரம் முன்சக்கரம் எழுந்து நின்றாலே போதும்.

எங்கே, எப்போது?

லேசான இறக்கமுள்ள புல்திடல்தான் சிறந்த இடம். தேயிலைத் தோட்டச் சாலைகள் தனியார் நிலம் என்பதால் தோட்ட அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெற வேண்டும். கொழுந்து ஏற்றும் லோரிகள் ஓடும் நேரத்தில் அந்தப் பக்கமே போகக்கூடாது. தேயிலை வரிசைகளுக்கு இடையே ஓட்டினால் செடி பாழாகும். வேலை செய்வோருக்கும் இடைஞ்சல். சுங்கை பாலாஸ் போன்ற தோட்டங்களுக்குச் செல்லும் சாலைகள் குறுகலானவை. சுற்றுலா வாகனங்கள் அதிகம். அவை பயிற்சிக்கு உரிய இடமல்ல.

மலையில் பிற்பகல் மழை வழக்கம் என்பதால் காலை நேரமே ஏற்றது. ஈரமான செம்மண்ணிலும் பாசி படிந்த சிமெண்டிலும் பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கும்.

தனியாகப் பழக வேண்டாம். விழுந்தவருக்குத் தலையிலோ கழுத்திலோ அடிபட்டிருந்தால் தூக்கி உட்கார வைக்காமல், அசைக்காமல், 999 எண்ணுக்கு அழைக்க வேண்டும். தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை உள்ளது. ஆனால் உள்தோட்டங்களிலிருந்து வளைவுச் சாலையில் அங்கு வந்து சேர நேரமாகும். கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்கும் இடத்தைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுப்பதும், போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போவதும் தலைக்கவசத்தைப் போலவே அவசியம்.